சேலம் கலெக்டரும் காப்பிச் செடியும்



காலையில் காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறிக் கொல்லிமலைக்கு வந்தேன். வழியெல்லாம் சில்வர் ஓக் மரம், அதைத் தழுவி மிளகுக் கொடி, நிழலில் காப்பிச் செடி. அந்தச் செடியைப் பார்த்ததும் ஒருவரைப் பற்றிப் பட்டதாரிகளாகிய உங்களிடம் பேசவேண்டும் என்று தோன்றியது.

எம்.டி. காக்பர்ன், ஸ்காட்லாந்துக்காரர். 1820 முதல் 1829 வரை சேலம் கலெக்டர். நாமக்கல் பகுதி அப்போது சேலம் ஜில்லாவில் இருந்தது. இந்த மலையும் அவர் எல்லைக்குள்தான். அவருக்குச் சம்பளம் கொடுத்தது கிழக்கிந்தியக் கம்பெனி. கலெக்டர் என்ற சொல்லுக்கே வசூல் செய்பவர் என்றுதான் பொருள். அவருக்கு முன்பே, 1792-இல் இந்தச் சீமை திப்பு சுல்தானிடமிருந்து கம்பெனி கைக்கு வந்ததும், அலெக்சாண்டர் ரீடும் தாமஸ் மன்றோவும் ஊர் ஊராக நிலத்தை அளந்தார்கள். குடியானவரிடமே நேராகத் தீர்வை வாங்கும் ரயத்துவாரி முறை இங்கே வேர்பிடித்தது. ஜமாபந்தி, கிஸ்தி, பட்டா என்று கம்பெனிக் கச்சேரிகளில் புழங்கிய சொற்களை நம் தாலுகா ஆபீசுகள் இன்றும் விடவில்லை.

காக்பர்ன் வசூலோடு நிற்கவில்லை. சேர்வராயன் மலையில் காப்பியும் பழமரங்களும் பயிரிட வழிசெய்தார். ஏற்காட்டின் தந்தை என்று அவரைச் சொல்வார்கள். அந்த உழைப்பை மதிக்கிறேன். ஆனால் குழி வெட்டியவர், நாற்றுச் சுமந்து மலை ஏறியவர், தோட்டம் வந்தபிறகு காடு சுருங்கிப்போன மலையாளிப் பழங்குடிக் குடும்பங்கள் – இவர்களில் ஒருவர் பெயரையாவது யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறோமா? இது என்னை வெகுநாளாக உறுத்துகிறது.

உங்களில் சிலர் டி.என்.பி.எஸ்.சி. எழுதி, வருவாய்த் துறையில் நான் உட்கார்ந்த நாற்காலிக்கு வருவீர்கள். அதனால் இதைச் சொல்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு ஜமாபந்தியில், மலையிலிருந்து வந்த பெரியவர் ஒருவர் மனுவை நீட்டினார். பதிவேட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "உங்க பேருல ஒண்ணும் இல்லையே" என்றேன். அவர் கோபப்படவில்லை. "காயிதத்துல இல்லாம இருக்கலாம் சாமி. எங்க பாட்டன் அடுக்கின கல்லு அங்கயே இருக்குது. ஒரு நட வந்து பாருங்க" என்றார்.

நான் போகவில்லை. மறுவருஷம் அதே மனுவோடு அவர் மகன் வந்தான். அப்பா இறந்துவிட்டார் என்றான்.

அந்த வாரமே மலையேறினேன். சரிவின் குறுக்கே முழங்கால் உயரத்துக்குக் கல் வரப்பு, மண் பூசாமல் கல்லோடு கல் கோத்தது, பாசி பிடித்துக் கறுத்திருந்தது. அதற்கு மேலே சாமை கதிர் விட்டிருந்தது. பையன் பக்கத்தில் நின்றான். "உங்க தாத்தாவோட அப்பா பேரென்னப்பா?" என்று கேட்டேன். அவன் சொல்லச் சொல்ல, வரப்பின்மேல் உட்கார்ந்து என் தணிக்கைக் குறிப்பின் முதல் வரியில் அந்தப் பெயரை எழுதினேன்.