கணிப்பொறியில் ஒரு பத்திர மரம்



1956 நவம்பர் முதல் நாள் தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்தில் நின்றது. பாறசாலையில் வீடும், களியக்காவிளைக்கு அப்பால் தோப்புமாக வாழ்ந்த குடும்பங்களின் பத்திரங்கள் அன்றுமுதல் இரு மாநிலங்களுக்கு உரியவையாயின. அக்குடும்பங்களின் பிள்ளைகளாகிய நாம் இன்று மும்பையிலும் பெங்களூரிலும் இருக்கிறோம். பத்திரங்களைப் படமெடுத்துக் கணிப்பொறியில் சேர்த்துவிட்டோம். ஆனால் எது எங்கே இருக்கிறது?

இதை ஒரே பார்வையில் காட்டுவது ‘ட்ரீ’ என்னும் கட்டளை. மரம் என்பதே அதன் பொருள். லினக்ஸ் கணிப்பொறியில் கட்டளைத் திரையைத் திறந்து, பத்திரங்கள் உள்ள அடைவுக்குள் சென்று, டி, ஆர், ஈ, ஈ என்னும் நான்கு எழுத்துக்களைத் தட்டுக. தாய் அடைவு மேலேயும், கிளை அடைவுகள் அதன்கீழும், கோப்புகள் கிளைநுனியிலுமாகக் கோடுகளால் இணைந்து தோன்றும். இறுதியில் அடைவுகளின் தொகையும் கோப்புகளின் தொகையும் வரும். சில கணிப்பொறிகளில் இக்கட்டளையைத் தனியே நிறுவிக்கொள்ள வேண்டும். விண்டோஸில் இதே சொல் அடைவுகளை மட்டும் காட்டும். இடம் விட்டு, ஒரு சாய்கோடும் எஃப் எழுத்தும் சேர்த்தால் கோப்புகளும் தெரியும்.

இங்கே ஒன்றைக் கருத வேண்டும். மரம் பெயர் வரிசையில் கிளைப்பது; காலத்தை அறியாது. திருவிதாங்கூர்ப் பத்திரங்கள் பலவற்றில் கொல்லம் ஆண்டே காணப்படும். கொல்லம் 1120 என்பது ஆங்கில ஆண்டு 1944-45 ஆகும். அதனை 1120 என்றே பெயரிட்டால், 1935ஆம் ஆண்டுப் பத்திரத்துக்கும் முன்னே சென்று நிற்கும். நாமும் முதலில் அவ்வாறே பெயரிட்டு, பின்வந்த பத்திரத்தை மூலப்பத்திரமென்று மயங்கினோம். ஆகவே ஆங்கில ஆண்டை முன்னும் கொல்லம் ஆண்டைப் பின்னும் எழுதுவதே நன்று. கொல்லம் ஆண்டுடன் 825ஐக் கூட்டினால் ஆங்கில ஆண்டு கிடைக்கும். ஆவணி முதல் மார்கழி நடுவரையுள்ள நாட்களுக்கு 824 கூட்ட வேண்டும்.

நெய்யாற்றின்கரைக்கு ஒரு கிளை, விளவங்கோட்டுக்கு ஒரு கிளை, ஒவ்வொரு நிலத்துக்கும் ஒரு சிறுகிளை என்று பிரித்துக்கொள்வோம். மரத்தை அச்சிட்டு உடன்பிறந்தார்க்கும் அனுப்புவோம். அது பெயர்ப்பட்டியல்தான், கோப்புகளுக்கு வேறொரு படி எடுத்து வைத்தல் தனிக்கடமை.

கோப்பில்லாமல் வெறுமையாய் நிற்கும் கிளையே நமக்கு மிகுந்த பயன் தருவது. எந்தப் பத்திரத்தைத் தேட வேண்டுமென்று அது சொல்லும். அது எவர் பெட்டியில் உள்ளது என்பதை ஊரிலுள்ள மூத்தோர் அறிவர். அவர்கள் இருக்கும்போதே கேட்டுக்கொள்வோமாக.