லயத்து நாய் யாருடைய நாய்?

(பிள்ளைக் காம்பரா முன்றலில் நடந்த மாதாந்தக் கூட்டத்தில் தோட்ட நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



இன்றைக்கு நாயைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும் பின்னுக்கு இருக்கிற தம்பிமார் சிரிக்கிறார்கள். சிரியுங்கள், பரவாயில்லை. நான் வரும்போது மேட்டு லயத்து வாசலில் ஒரு செவலை நாய் படுத்திருந்தது. யாருடைய நாய் என்று கேட்டேன். "அது லயத்து நாய் ஐயா" என்றார் ஒரு அம்மா. சோறு போடுவது யார்? "எல்லாருந்தான் போடுவோம்." தடுப்பூசி போட்டாச்சா? அதற்கு ஒருவரும் வாய் திறக்கவில்லை.

சோறு போட இருபது கை இருக்கிறது. ஊசிக்குக் கூட்டிக்கொண்டு போக ஒரு கை இல்லை. நான் இன்றைக்குப் பேச வந்தது இதைப் பற்றித்தான்.

பல வருடத்துக்கு முந்தி நான் வேறொரு தோட்டத்தில் வேலை பார்த்தேன். அங்கே எட்டு வயதுப் பையன் ஒருவன். விளையாடும்போது பக்கத்துக் காம்பரா நாய் குதிகாலில் கடித்துவிட்டது. பெரிய காயமில்லை, ஒரு கீறல். அது அவன் அத்தை வீட்டு நாய். வெளியில் சொன்னால் இரண்டு வீட்டுக்கும் சண்டை வரும் என்று பையன் மறைத்தான். பாட்டிக்கு மட்டும் தெரியும். அவர் மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பூசினார். காயம் ஆறிவிட்டது. இரண்டு மாதம் கழித்துக் காய்ச்சல் வந்தது, பிறகு தண்ணீரைக் கண்டாலே உடம்பு நடுங்கியது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். அந்த நிலைக்கு வந்தபின் எந்த டாக்டராலும் ஒன்றும் செய்ய முடியாது. அந்தப் பாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டு, "மஞ்சள் போட்டேனே ஐயா" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். பாவம், அவருக்குத் தெரிந்ததை அவர் செய்தார்.

ஆகையால் கடித்தாலும் சரி, நகம் பட்டாலும் சரி, புண்ணை நக்கினாலும் சரி, முதலில் பீலித் தண்ணீரில் சவர்க்காரம் போட்டு முழுசாக 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், கோப்பித்தூள், மிளகாய்த்தூள் ஒன்றும் வேண்டாம். அன்றைக்கே அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போங்கள், அங்கே ஊசி இலவசம். தண்ணீர் ஓதிக் குடிக்க வேண்டும் என்றால் ஊசி போட்டு வந்து குடியுங்கள், நான் தடுக்கவில்லை. பிள்ளைகளை அடிக்காதீர்கள். அடி விழும் என்று பயந்துதான் பிள்ளை கடியை மறைக்கிறது.

கடித்தது வளர்ப்பு நாய் என்றால் அடித்துக் கொல்லாமல், கட்டிப்போட்டு 14 நாள் கவனியுங்கள். நாயைப் பார்த்த பிறகு ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று மட்டும் இருந்துவிட வேண்டாம், அதை டாக்டர்தான் தீர்மானிக்க வேண்டும். நாய் செத்தால் அவசரப்பட்டுப் புதைக்காமல் சுகாதாரப் பரிசோதகருக்குச் சொல்லியனுப்புங்கள். தலையைக் கொழும்பு மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தில் சோதித்து விசரா இல்லையா என்று சொல்லிவிடுவார்கள்.

இன்னொன்று. விசர் நாய் என்றால் வெறிபிடித்து ஓடிக் கடிக்கும் என்றுதான் நினைக்கிறோம். எல்லா நாயும் அப்படியில்லை. சில நாய் இருட்டு மூலையில் சுருண்டு கிடக்கும், தாடை தொங்கும், எச்சில் வடியும், விழுங்க முடியாது. தொண்டையில் எலும்பு சிக்கிவிட்டது என்று இரக்கப்பட்டு வாய்க்குள் கை விடுவார்கள். தயவுசெய்து விடாதீர்கள்.

இனிச் சட்டம். இது வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம். விசர்நோய்க் கட்டளைச் சட்டம் 1893ஆம் ஆண்டிலும், நாய்களைப் பதியும் கட்டளைச் சட்டம் 1901ஆம் ஆண்டிலும் வந்தவை. நாய் வளர்ப்பவர் வருடா வருடம் உள்ளூராட்சி சபையில் பதிய வேண்டும், தடுப்பூசியும் போட்டிருக்க வேண்டும். 1973ஆம் ஆண்டில் இந்த நோயால் நம் நாட்டில் 377 பேர் இறந்தார்கள். அண்மைய வருடங்களில் அது 20, 30 என்ற அளவுக்குக் குறைந்திருக்கிறது. நாய்களுக்கு ஊசி போட்டதுதான் முக்கிய காரணம்.

"பிரதேச சபை நமக்கு என்ன செய்தது, நாம் ஏன் அங்கே போய்ப் பதிய வேண்டும்?" என்று ஒரு தம்பி போன கூட்டத்தில் கேட்டார். நியாயமான கேள்வி. 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி தோட்டத்துக்குள் சபை செலவு செய்யத் தடை இருந்தது. 2018ஆம் ஆண்டில் அதைத் திருத்திவிட்டார்கள். ஆகவே றோட்டும் தண்ணீரும் கேட்கிற மாதிரி நாய்ப் பதிவுக்கும் ஊசிக்கும் தோட்டத்துக்கு வாருங்கள் என்று கேட்க நமக்கு உரிமை இருக்கிறது.

பதிந்தால் நாயைப் பிடித்துக் கொன்றுவிடுவார்கள் என்று வயசானவர்கள் பயப்படுகிறார்கள். நாய் பிடிக்கிற வண்டியைப் பார்த்தவர்கள் அவர்கள். தெருநாயைக் கொல்வதை அரசாங்கம் 2006ஆம் ஆண்டிலேயே நிறுத்திவிட்டது. நம் பேரில் பதிந்த நாய் யாரையாவது கடித்தால் வம்பு வருமே என்கிறார்கள் சிலர். ஊசி போட்ட அட்டை கையில் இருந்தால் எடுத்துக் காட்டலாம். ஆஸ்பத்திரியிலும் முதலில் அதைத்தான் கேட்பார்கள். அட்டை இல்லாத நாய்க்குத்தான் வம்பு அதிகம்.

போன தடவை ஊசி போட வந்தது ஒரு புதன்கிழமை, காலை பத்து மணி. எல்லோரும் மலையில் கொழுந்து எடுக்கிறார்கள். ஒரு நாள் பேரை விட்டுவிட்டு நாயைப் பிடித்துக்கொண்டு யார் வருவார்கள்? சின்னப் பிள்ளைகள் கயிற்றில் இழுத்து வந்த நாய்களுக்கு மட்டும்தான் போட முடிந்தது. அந்த நாளுக்குச் சம்மதித்தவன் நான். அது என் பிழை. இந்த முறை ஞாயிற்றுக்கிழமை பெரட்டுக்களத்தில் வைக்கும்படி கேட்டு எழுதியிருக்கிறேன். நாள் கிடைத்ததும் கங்காணிமார் மூலம் அறிவிப்பேன். பெரியவர்களே பிடித்து வாருங்கள், பிள்ளைகளிடம் கயிற்றைக் கொடுக்காதீர்கள். குட்டிகளையும் பூனைகளையும் விட்டுவிட வேண்டாம்.

இதோ ஒரு கொப்பி. லயம் லயமாகக் கோடு போட்டு வைத்திருக்கிறேன். ஒரு பக்கம் நாய், அதற்கு நேரே பொறுப்பாளர் பேர். கூட்டம் முடிந்ததும் வந்து சொல்லுங்கள். செவலை நாய்க்கு நேரே இடம் வெறுமையாக இருக்கிறது. மேட்டு லயத்தார் தங்களுக்குள் பேசி, போவதற்கு முன் ஒரு பேர் கொடுத்துவிட்டுப் போகும்படி கேட்டுக்கொள்கிறேன்.