முதலில் நிற்கட்டும், அப்புறம் இழுக்கட்டும்

நடுவர் ஐயா என்னைப் பிரிஞ்சாங்கிலிருந்து வந்தவர் என்று சொன்னதும், முன்வரிசையில் ஓர் அண்ணன் “ஸ்ட்ராபெரி கொண்டு வந்தீங்களா?” என்று கேட்டார். கொண்டு வரவில்லை, அண்ணே. லேண்ட்ரோவரைப் பற்றிப் பேசத்தான் வந்திருக்கிறேன்.

கேமரன்மலைக்கு வந்து போனவர்களுக்குத் தெரியும். தேயிலைத் தோட்டத்து மண் பாதையிலும், முட்டைக்கோஸ் தோட்டத்துச் சரிவிலும், பிரிஞ்சாங் கடைத்தெருவிலும் பழைய லேண்ட்ரோவர்கள் ஓடிக்கொண்டிருக்கும். ஆளை ஏற்றும், கோழி எருவை ஏற்றும், மூட்டை ஏற்றும், பள்ளிக்கூடப் பிள்ளைகளையும் ஏற்றும். ராத்திரியில் யாருக்காவது நெஞ்சு வலித்தால் தானா ராத்தா மருத்துவமனைக்குப் போவதும் அதிலேதான். 

இந்த வண்டி முதன்முதலில் மக்கள் பார்வைக்கு வந்தது 1948 ஏப்ரலில், ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில். இங்கிலாந்து ரோவர் கம்பெனியின் மோரிஸ் வில்க்ஸ் என்பவரின் யோசனை. போர் முடிந்த காலம், இரும்புத் தகட்டுக்குத் தட்டுப்பாடு. அதனால் உடம்பை அலுமினியக் கலவையில் செய்தார்கள். அடிச்சட்டம் மட்டும் இரும்பு. அதே 1948-ல்தான் நம் நாட்டில் அவசரகாலம் தொடங்கியது. 1960 வரை காட்டிலும் மேட்டிலும் ராணுவம் இந்த வண்டியை ஓட்டியது. ராணுவம் கழித்த வண்டிகள்தாம் பிறகு மலைக்கு ஏறின என்று பெரியவர்கள் சொல்வார்கள். சீரிஸ் என்று சொல்கிறோமே, அந்த வரிசையில் கடைசி வண்டி வந்தது 1985-ல். அந்தக் கடைக்குட்டிக்கே இப்போது நாற்பது வயது தாண்டிவிட்டது.

இன்றைய கேள்வி, பழைய வண்டியை வீட்டிலேயே பழுது பார்த்து மேம்படுத்தலாமா என்பது. செய்யலாம் என்ற பக்கம்தான் நான். ஆனால் எங்கே கை வைப்பது என்று தெரிந்து வைக்க வேண்டும்.

எங்கள் ஊர் வண்டிகளில் பலவற்றில் பிறந்தபோது இருந்த எஞ்சின் இன்று கிடையாது. 2,286 சிசி பெட்ரோல் எஞ்சினைத் தூக்கிவிட்டு ஜப்பான் டீசல் எஞ்சினை உட்கார வைத்திருப்பார்கள். ஒருவர் எஞ்சினை மாற்றியிருப்பார், அடுத்தவர் வயரை இழுத்திருப்பார், மூன்றாமவர் பிரேக் சர்வோ போட்டிருப்பார். நான்காவதாக வாங்கியவருக்கு எதுவுமே தெரியாது! ஆகவே ஸ்பேனரை எடுக்கும் முன் ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுங்கள். எந்த எஞ்சின், எந்த கியர்பெட்டி, எந்த ஆல்டர்னேட்டர், எந்தப் பக்கம் எர்த் என்று பார்த்து எழுதுங்கள். பிள்ளைக்கு ஜாதகம் எழுதுகிறோம், வண்டிக்கு எழுதக் கூடாதா? 1960களின் நடுப்பகுதி வரை வந்த பல வண்டிகளில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் எர்த். அது தெரியாமல் புது ஆல்டர்னேட்டரை மாட்டினால் மாட்டிய நொடியிலேயே அது போய்விடும்.

மாற்றிய வண்டியில் கோளாறு பெரும்பாலும் பழையதும் புதியதும் சேருகிற இடத்தில்தான் இருக்கும். ஓர் உதாரணம் சொல்கிறேன். பிரேக் மிதி திடீரென்று கல்லாக இறுகுகிறது. உடனே “பிரேக் கட்டை போச்சு” என்று சக்கரத்தைக் கழற்றுவார்கள். பெட்ரோல் எஞ்சின் இழுக்கும் காற்றிலேயே சர்வோவுக்கு வேண்டிய வெற்றிடம் கிடைத்துவிடும். டீசலில் அது கிடைக்காது. அதற்கென்று தனியாக ஒரு வேக்குவம் பம்ப் வேண்டும். ஜப்பான் எஞ்சின்களில் அது பெரும்பாலும் ஆல்டர்னேட்டரின் முதுகில் இருக்கும். அங்கிருந்து வரும் ரப்பர் குழாய் வெடித்திருந்தால் மிதி இறுகத்தான் செய்யும். சோதிப்பது எளிது. எஞ்சினை நிறுத்திவிட்டு மிதியை நாலைந்து தடவை மிதியுங்கள். பிறகு மிதித்த காலை எடுக்காமல் எஞ்சினைக் கிளப்புங்கள். மிதி கொஞ்சம் கீழே இறங்கினால் சர்வோ உயிரோடு இருக்கிறது.

இன்னொன்று, விடிகாலைக் குளிரில் கிளம்ப மறுக்கிற வண்டி. பெட்ரோல் டேங்கில் டீசல் திரும்பி வருவதற்கு வழி இருக்காது. எஞ்சினை மாற்றியவர் எங்கோ ஒரு துளை போட்டு, எதையோ கிளிப் வைத்துக் கட்டியிருப்பார். அந்த இணைப்பில் ராத்திரி முழுக்கக் காற்று இறங்கும். ஒரு முழம் கண்ணாடிக் குழாயை, டீசலுக்குத் தாங்குகிற பிளாஸ்டிக்கைத்தான் சொல்கிறேன், இடையில் தற்காலிகமாக மாட்டிப் பாருங்கள். குமிழி ஓடினால் காற்று எங்கே நுழைகிறது என்று தேடுங்கள். அதற்குள் பேட்டரிக்கும் ஸ்டார்ட்டருக்கும் காசு செலவழிக்க வேண்டாம்.

விளக்கு மங்குகிறது, சிக்னல் போட்டால் பின் விளக்கும் சேர்ந்து கண் சிமிட்டுகிறது என்றால் முதல் சந்தேகம் எர்த் மேல். அலுமினியமும் இரும்பும் ஈரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தால் அலுமினியம் பொடிப்பொடியாக அரிக்கும். எங்கள் ஊரிலோ பனியும் மழையும் ஓய்வதில்லை. வண்டியில் ஏற்றுகிற உரத்தின் உப்பு வேறு சேர்கிறது. பேட்டரியின் எர்த் முனையிலிருந்து ஒரு தனி வயரை எடுத்து விளக்கின் உடம்பில் தொடுங்கள். விளக்கு பளிச்சென்று எரிந்தால் விடை கிடைத்துவிட்டது. அதே ஈரம் அடிச்சட்டத்தையும் உள்ளிருந்து தின்னும். வெளியே கறுப்புப் பெயிண்ட் அழகாக இருக்கும். சுத்தியலால் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இரும்பு ‘டங்’ என்று பேசும், செத்த இடம் பேசாது.

எல்லாச் சத்தமும் எல்லாப் புகையும் கோளாறு அல்ல. பிரிஞ்சாங் ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரம். ஈப்போவில் இருக்கிற காற்றைவிட இங்கே ஏழில் ஒரு பங்கு குறைவு. அங்கே சரியாக டியூன் பண்ணிய கார்புரேட்டர் இங்கே பெட்ரோலைக் கூடுதலாகக் கொடுக்கும், பிளக் கரி பிடிக்கும். பம்பைத் திருகி டீசலை ஏற்றினால் இழுவை வராது, கரும்புகைதான் வரும். தண்ணீரும் எங்கள் ஊரில் 95 டிகிரியிலேயே கொதிக்கும். சோறு வேக நேரமாகிறது என்று எங்கள் வீட்டுப் பெண்கள் சொல்வதற்கும், ரேடியேட்டர் மூடி தளர்ந்தால் வண்டி சீக்கிரம் கொதிப்பதற்கும் காரணம் ஒன்றுதான். ஒரு மூடி மாற்றினால் தீர்கிற கொதிப்புக்கு ஹெட்டைக் கழற்றியவர்களை எனக்குத் தெரியும். சீரிஸ் இரண்டு வண்டியில் முதல் கியருக்கும் இரண்டாம் கியருக்கும் சிங்க்ரோ கிடையாது. கிளட்சை இரண்டு முறை மிதித்து மாற்றப் பழகாதவர் கியர்பெட்டியைக் குறை சொல்வார்.

இப்போது சொல்லப்போவதைத் தம்பிமார்கள் கவனமாகக் கேட்க வேண்டும். எங்கள் ஊரில் வீட்டு வாசல்கூட சரிவுதான். வண்டியை நிறுத்தி, ஹேண்ட்பிரேக்கை இழுத்து, பின்சக்கரத்துக்கு ஜாக்கி வைத்து, அடியில் படுக்கிறோம். சீரிஸ் லேண்ட்ரோவரின் ஹேண்ட்பிரேக் சக்கரத்தைப் பிடிப்பதில்லை, ஐயா! அது கியர்பெட்டிக்குப் பின்னால் சுழலும் தண்டைப் பிடிக்கிறது. தண்டு நின்றாலும், டிஃபரென்ஷியல் வழியாக ஒரு பின்சக்கரம் முன்னோக்கியும் மற்றது பின்னோக்கியும் சுற்ற முடியும். இரண்டும் தரையில் இருக்கும்வரை வண்டி நிற்கும். ஒன்றைத் தூக்கினால், தூக்கிய சக்கரம் ஒரு பக்கம் சுற்ற, தரையில் இருக்கிற சக்கரம் மறுபக்கம் உருண்டு, வண்டி ஜாக்கியைத் தள்ளிவிட்டு இறங்கும். அடியில் ஆள் இருப்பது அதற்குத் தெரியாது. பின் ஆக்சில் தண்டு ஒன்று முறிந்தாலும் இதே கதைதான், ஹேண்ட்பிரேக் இருந்தும் இல்லாததாகிவிடும். டீசல் எஞ்சின் போட்ட வண்டியில், பழைய எஞ்சினுக்காகச் செய்த அந்தத் தண்டு அதிக இழுவை தாங்காமல் முறிவது புதிதல்ல. மஞ்சள் குமிழை அழுத்தி நாலு சக்கரத்தையும் இணைத்தால் ஓரளவு உதவும். முன்சக்கரத்தில் ஃப்ரீவீல் ஹப் இருந்து, அதைப் பூட்டாமல் விட்டிருந்தால் அந்த உதவியும் இல்லை.

ஆகவே, தரையில் இருக்கிற சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் முட்டுக்கட்டை போடுங்கள். மற்ற காரியங்களில் முட்டுக்கட்டை போடுவது கெட்ட பெயர். இங்கே அது உயிர். ஜாக்கியை மட்டும் நம்பாமல் அடியில் ஸ்டாண்டும் வையுங்கள்.

மேம்படுத்துவது என்றால் இளைஞர்களுக்கு முதலில் தோன்றுவது பெரிய டயர், எல்.இ.டி. விளக்கு, டர்போ. ஆசைப்படட்டும், நானும் ஆசைப்பட்டவன்தான். பிரிஞ்சாங்கிலிருந்து தானா ராத்தா, ரிங்லெட் வழியாகத் தாப்பாவுக்கு இறங்கினால் அறுபது கிலோமீட்டருக்கு மேல் வளைவும் இறக்கமும்தான். எஞ்சின் மாறியது, பாரம் ஏற்ற வில்பட்டை கூடியது. பிரேக் மட்டும் அதே பழைய டிரம். பழைய மாடல்களில் நாலு சக்கரத்துக்கும் ஒரே எண்ணெய் வழி. எங்கே ஒழுகினாலும் மிதி தரைக்குப் போய்விடும். ஆகவே முதல் வெள்ளியை பிரேக்கில் போடுங்கள். இரட்டை வழி மாஸ்டர் சிலிண்டர், புது ரப்பர் குழாய், முடிந்தால் முன்பக்கம் டிஸ்க். பிரேக் எண்ணெய் காற்றிலிருக்கும் ஈரத்தைக் குடிக்கும். புதிதாக இருக்கும்போது 205 டிகிரி தாங்குகிற டாட் 3 எண்ணெய், ஈரம் ஏறிய பிறகு 140 டிகிரியிலேயே கொதிக்கலாம். கொதித்தால் குழாயில் ஆவி, மிதித்தால் வெறும் மிதி. இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை எண்ணெயை மாற்றிவிடுங்கள், செலவு அதிகமில்லை. டிரம்மைத் திறந்தால் தூசியை வாயால் ஊதாதீர்கள். பழைய கட்டைகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கலாம், ஈரத்துணியால் துடையுங்கள். தார் ரோட்டு இறக்கத்தில் இறங்கும் முன்பே இரண்டாம் கியருக்கு வந்துவிடுங்கள். தோட்டத்து மண் பாதை என்றால் வண்டியை நிறுத்தி, சிவப்புக் குமிழ் லீவரை இழுத்து லோவில் போட்டு இறங்குங்கள்.

எஞ்சினையே மாற்றுவதாக இருந்தால் ஜே.பி.ஜே.யின் அனுமதி வேண்டும், வண்டி சோதனைக்குப் போக வேண்டும், கிராண்டிலும் புது எஞ்சின் எண் ஏற வேண்டும். வெல்டிங் செய்த அடிச்சட்டத்தையும், ஸ்டீயரிங் வேலையையும் தெரிந்த பட்டறைக்காரர் ஒருவர் பார்க்காமல் ரோட்டில் ஏற்றாதீர்கள். வீட்டிலேயே செய்யலாம் என்று வாதாட வந்த நானே இதைச் சொல்கிறேன்.

நடுவர் ஐயா மணியில் கை வைத்துவிட்டார். பின்வரிசையில் ஒரு தம்பி, “அண்ணே, முட்டுக்கட்டை எங்கே விக்கிறாங்க?” என்று கேட்கிறார். வாங்க வேண்டாம், தம்பி. கெட்டியான நாலடி மரத்துண்டு ஒன்றை எடுத்து, குறுக்கே சாய்வாக அறுத்தால் ஆப்பு மாதிரி நாலு கட்டை கிடைக்கும். நாலிலும் ஒரு கயிற்றைக் கட்டி சீட்டுக்கு அடியில் போட்டுவிடு.