கடல் கடந்து காணி வாங்குதல்

(மன்றத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



எம்மைப் பேச அழைத்த காரியதரிசி அவர்கள் சமயம் அல்லது இலக்கியம் பற்றி ஏதேனும் சொல்வோமென எண்ணியிருக்கக்கூடும். நாம் எடுத்துக்கொண்ட பொருளோ காணி. கோயில் வீதியிலும் கலியாணப் பந்தியிலும் நம்மவர் ஓயாது பேசும் பொருளை மேடையிலும் ஒருமுறை பேசினால் குற்றமாகாது என்று நம்புகின்றோம்.

நல்லூர்க் கொடியேற்றம் நெருங்கும்போது தொறொன்ரோவிலிருந்தும் இலண்டனிலிருந்தும் உறவினர் வருகின்றனர். வந்தவர் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு: "ஒரு வளவு வாங்கிப் போட்டால் விடுமுறைக்கு வந்து தங்கலாம், விலையும் ஏறும். எங்கே வாங்குவது நல்லது? இங்கேயா, சென்னையிலா, மலேசியாவிலா?" இங்கிருக்கும் நம்மவர் சிலருக்கும் திருச்சியில் ஒரு வீடு வேண்டுமென்ற ஆசை இருக்கின்றது. கடலுக்கு இப்பாலும் அப்பாலும் இருந்து எழுகின்ற ஒரே கேள்விதான் இது.

இதற்கு விடை தேடுவோர் முதலில் விலையைப் பார்க்கின்றனர். பின்பு காற்றையும் கடலையும் பார்க்கின்றனர். சட்டத்தைக் கடைசியிற் பார்க்கின்றனர். இவ்வரிசையைத் தலைகீழாக்க வேண்டும் என்பதே எமது கருத்து. அந்த மண் நம்மை எந்தப் பெயரில் ஏற்கும்? நாம் அங்கில்லாத நாளில் அது யார் கையில் நிற்கும்? இவ்விரண்டையும் கேட்ட பின்னரே ஊரைத் தெரிய வேண்டும்.

சரித்திரத்தைப் பார்ப்போம். பர்மாவில் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் நெல் விளைவோருக்குக் கடன் கொடுத்து வந்தனர். காணி வாங்குவது அவர்களது நோக்கமன்று. 1930 அளவில் உலகெங்கும் வந்த பொருளாதார மந்தத்தில் நெல்விலை வீழ்ந்தது. கடன் திரும்பவில்லை, ஈடு வைத்த வயல்கள் அவர்கள் கைக்கு வந்தன. கீழ்ப் பர்மாவின் முக்கியமான பதின்மூன்று நெல் மாவட்டங்களில் 1930 இல் நூற்றுக்கு 6 பங்காயிருந்த அவர்களது நிலம் 1937 இல் 25 பங்காயிற்று. 1942 இல் யப்பானியர் படையெடுத்து வந்தபோது பலர் எல்லாவற்றையும் விட்டு ஓடினர். 1948 இல் பர்மா சுதந்திரம் பெற்றது. அவ்வாண்டிலேயே காணிகளை அரசுடைமையாக்கும் சட்டமும் வந்தது. மிஷன் பள்ளிக்கூடத்திற் படித்த நாம், மணலிற் கட்டிய வீட்டின் உவமையைச் சிறுவயதிலேயே கேட்டவர்கள். ஐராவதி ஆற்றின் வண்டல் மணலன்று. பொன் விளையும் மண். ஆயினும் அதன் மேல் நின்ற உரிமை மணலாயிருந்தது. உழுதவனுக்கு அந்நியராகவே இருந்தவரின் உரிமை, ஆட்சி மாறியதும் கரைந்து போயிற்று.

நம்மவர் கதை வேறு. மிஷனரிமார் தந்த ஆங்கிலக் கல்வியைக் கைம்முதலாகக் கொண்டு மலாயா சென்ற யாழ்ப்பாணத்தவர், புகையிரதப் பகுதியிலும் அரசாங்கக் கந்தோர்களிலும் வேலை பார்த்தனர். அங்கே 1913 ஆம் ஆண்டின் மலாய் ஒதுக்கீட்டு நிலச் சட்டம், குறித்த பகுதிகளில் மலாயரல்லாதார் காணி பெறுவதைத் தடுத்தது. நம்மவருட் பலர் உழைத்த பணத்தை மணியோடராக ஊருக்கு அனுப்பி, இங்கே வளவு வாங்கினர், கல்வீடு கட்டினர், கோயில்களுக்கும் பள்ளிக்கூடங்களுக்கும் கொடுத்தனர். யுத்தத்தில் மணியோடர் நின்றபோதும் வளவு நின்றது. பென்சனோடு திரும்பியவருக்குத் திண்ணை இருந்தது. வாங்கிய மண்ணில் அவருக்குப் பெயரும் இருந்தது, பார்த்துக்கொள்ளச் சுற்றமும் இருந்தது.

இன்றைய நிலை யாது? அயலிலுள்ள இந்தியாவை எடுத்துக்கொள்வோம். இலங்கைப் பிரசை ஒருவர், இந்திய றிசேவ் வங்கியின் முன்னனுமதி இல்லாமல் அங்கே வீடோ நிலமோ வாங்க முடியாது. ஐந்தாண்டுக்கு மேற்படாத குத்தகைக்கு மாத்திரமே விலக்குண்டு. மொழி ஒன்று, கோயில் ஒன்று, உணவும் ஏறக்குறைய ஒன்று. உறுதி எழுதும்போது நாம் அந்நியர். திருச்சியிலுள்ள நண்பரின் பெயரில் வாங்கலாமே என்பர் சிலர். அதன் பயனைப் பின்னர் சொல்வோம்.

இனி நமது நாடு. 2014 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கக் காணிச் சட்டத்தின்படி அந்நிய நாட்டுப் பிரசைகளுக்குக் காணியை அறுதியாக எழுத முடியாது. தொடர்மாடி வீடுகள் தொடர்பில் விலக்குண்டு. வளவைத் தேடி வருபவருக்கு அதனால் என்ன பயன்? முற்றமும் கிணறும் மாமரமும் தொடர்மாடியில் கிடையா! முதுசமாக இறங்குவதற்கும், இரட்டைப் பிரசாவுரிமை உள்ளவருக்கும் விலக்குண்டு. குத்தகையென்றால் 99 ஆண்டு வரை எழுதலாம். ஆகவே, கனடாப் பிரசையாகி இலங்கைப் பிரசாவுரிமையை இழந்த உறவினர், விலை கேட்குமுன் இரட்டைப் பிரசாவுரிமைக்கு விண்ணப்பம் செய்வதே முறை.

அப்படிச் செய்யாததால் வந்த துன்பத்தை எமது குடும்பத்திலேயே கண்டோம். கனடாவிலுள்ள எமது அம்மான் இருபது ஆண்டு உழைத்துச் சேர்த்த பணத்தில் வடமராட்சியில் நான்கு பரப்பு வளவு வாங்கினார். உறுதி பெரியம்மான் பெயரில் எழுதப்பட்டது. "அண்ணனுக்கும் தம்பிக்கும் இடையில் என்ன எழுத்து?" என்றனர். வீடும் எழுந்தது. சில ஆண்டுகளிற் பெரியம்மான் காலமானார். வளவு அவருடைய பிள்ளைகளுக்கு இறங்கிற்று. அவர்கள் களவு செய்யவில்லை. சட்டம் கொடுத்ததைப் பெற்றனர். சென்ற திருவிழாவுக்கு வந்த அம்மான் விடுதியிலே தங்கினார். ஒரு மாலை எம்மையும் அழைத்துக்கொண்டு அந்த வீட்டு ஒழுங்கையால் நடந்தார். படலையடியிற் சற்று நின்றார், உள்ளே போகவில்லை. "மாமரம் காய்ச்சிருக்கு" என்று மட்டும் சொன்னார். இன்று இரு குடும்பத்துக்கும் பேச்சில்லை.

பெயர் சரியாக இருந்தாலும் பார்க்க வேண்டியவை இன்னும் உண்டு. தேசவழமைக்குட்பட்ட காணியில் கூட்டுப் பங்காளருக்கும் உரித்தாளருக்கும் முதலில் வாங்கும் உரிமையை 1947 ஆம் ஆண்டின் 59 ஆம் இலக்கச் சட்டம் வைத்திருக்கின்றது. அவர்களுக்கு முறைப்படி அறிவிக்காமல் எழுதிய உறுதி வழக்கிலே முடியலாம். மணமான பெண்ணின் சீதனக் காணியாயின் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். உரிமையாளருக்கு மாறாகப் பத்தாண்டு தடையின்றி ஆண்டவர் ஆட்சியுரிமை கோரலாம். யுத்தத்தால் தம் காணிக்கு வரமுடியாதிருந்தோருக்காக 2016 இல் விசேட சட்டமொன்று வந்தது. அது 1983 மே முதல் 2009 மே வரையான காலத்துக்கே பொருந்தும். இன்று பூட்டிவிட்டுப் போகின்றவருக்கு அது துணை வராது.

கடற்கரையில் வீடு கட்ட விரும்புவோர், உயர்நீர் மட்டத்திலிருந்து உள்நோக்கி 300 மீற்றர் வரை கரையோரப் பாதுகாப்புச் சட்டம் ஆளுகின்றது என்பதையும், அங்கே கட்டுவதற்கு அனுமதி வேண்டும் என்பதையும் அறிய வேண்டும். கிணற்று நீரையும் கோடையில் ஒருமுறை குடித்துப் பார்க்க வேண்டும். நமக்கு ஆறில்லை, சுண்ணக்கல்லுக்குள் உவர்நீரின் மேல் மிதக்கும் நன்னீரே நமது சொத்து. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் அயற்கிணறும் உவராகும்.

இங்கே வாழும் இளைஞர் சார்பிலும் ஒரு சொல். வெளிநாட்டுப் பணம் வரவர, ஊரில் உழைப்பவன் ஒரு பரப்பு வாங்குவதும் அரிதாகின்றது. ஆண்டில் பதினொரு மாதம் பூட்டிக் கிடக்கும் வீடு ஒழுங்கைக்கு வெளிச்சம் தராது. வாங்கும் உறவினரை நாம் வெறுக்கவில்லை. அவர்கள் பணத்திலே படித்தவர்கள் நம்மிற் பலர். ஒரு குடும்பத்தைக் குடியிருத்தி, முறையாக எழுத்தும் எழுதி, மரத்துக்குத் தண்ணீர் விடச் செய்யுங்கள் என்றே வேண்டுகின்றோம். அதனால் ஊரும் வாழும், காணியும் காக்கப்படும்.

முடிவாக இரு வேண்டுகோள். பெரியோர்களே, பாசத்தினாற் பெயரை இரவல் கொடாதீர்கள். நீங்கள் கொடுப்பது பிள்ளைகளுக்கு வழக்காக இறங்கும். இளைஞர்களே, வீட்டு றங்குப்பெட்டியிற் கிடக்கும் உறுதிகளை எடுத்து, பாட்டனாரையோ பாட்டியாரையோ பக்கத்தில் இருத்தி, இவ்வாண்டுக்குள் ஒருமுறை வாசியுங்கள். எல்லை எது, பங்கு எவ்வளவு, யார் பெயர் என்று கொப்பியில் எழுதி வையுங்கள். கடல் கடந்த காணியைத் தெரிவதற்கு முன் கைக்குள் இருக்கும் காணியை அறிவோம்.