ஆளுக்கு இரண்டு ராட்டினம் போதும்



பிள்ளைகளை முதன்முறையாகத் தீம் பார்க்குக்கு அழைத்துப் போக நினைக்கும் குடும்பங்களுக்காக இன்று பேசுகிறேன்.

பெங்களூரு வொண்டர்லாவையே எடுத்துக்கொள்வோம். மைசூரு சாலையில் பிடதிக்கு அருகே 2005-ஆம் ஆண்டு திறந்த பூங்கா அது. உள்ளே 60 விளையாட்டுகளுக்கு மேல் இருக்கின்றன. கொடுத்த காசுக்கு எல்லாவற்றிலும் ஏறிவிடத்தான் மனம் துடிக்கும். ஆனால் கதவு திறப்பது காலை 11 மணிக்கு. மூடும்வரை 7 மணி நேரம் என்று வைத்தாலும், ஒரு விளையாட்டுக்கு 7 நிமிடம்தான் வரும். வரிசையில் நிற்கவே அது பற்றாது.

அதனால் வீட்டிலேயே பேசி, ஆளுக்கு இரண்டைத் தேர்ந்தெடுங்கள். மற்றவை கிடைத்தால் லாபம். அப்போதே பிள்ளைகளின் உயரத்தையும் அளந்துவிடுங்கள். வேகமான ராட்டினங்கள் பலவற்றுக்கு 140 சென்டிமீட்டர் வேண்டும். அரைமணி நேரம் காத்திருந்த குழந்தையை வாசலில் திருப்பி அனுப்பினால், அந்த அழுகையை ஐஸ்கிரீமால் அடக்க முடியாது.

அடுத்து, நாள் பார்ப்பது. நம் காலாண்டு விடுமுறையும் கர்நாடகத்தின் தசரா விடுமுறையும் பெரும்பாலும் ஒட்டியே வரும். கூட்டம் அலைமோதும். முடிந்தால் பள்ளி நடக்கும் வாரத்தில் ஒரு திங்களோ வெள்ளியோ சேர்த்து விடுப்பு எடுங்கள்.

இரவு ரயிலில் போய் இறங்கிய கையோடு பூங்காவுக்கு ஓடாதீர்கள். முதல் நாளே போய்ச் சேர்ந்து, நன்றாகத் தூங்கி எழுந்து போங்கள்.

காலையில் கூட்டம் சேருமுன் ராட்டினங்கள், வெயில் ஏறியதும் தண்ணீர் விளையாட்டுகள் என்று வைத்துக்கொள்ளலாம். சுழலும்போது காதின் உட்பகுதி உணர்வது ஒன்று, கண் காண்பது வேறொன்று; தலைசுற்றலும் குமட்டலும் அதனால்தான். வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு ஏறக் கூடாது. சாப்பிட்ட பின் ஒரு மணி நேரம் நிழலில் உட்காருங்கள். தண்ணீரில் பருத்தி உடைக்கு அனுமதியில்லை. நைலான் உடையை வீட்டிலிருந்தே எடுத்துப் போனால் அங்கே செலவு மிச்சம்.

தாத்தா பாட்டி வந்தால், பை காக்கும் வேலையை அவர்கள் தலையில் கட்டாதீர்கள். பைகளை லாக்கரில் வையுங்கள். ஆடாத, குலுங்காத விளையாட்டுகளில் அவர்களும் ஏறட்டும். இதய நோய், முதுகுவலி உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் வேக ராட்டினங்களைத் தவிர்க்க வேண்டும். பயப்படும் குழந்தையைக் கேலி செய்து ஏற்றவே வேண்டாம்.

வீட்டில் மிகச் சிறியவருக்கும் மிக மூத்தவருக்கும் எந்த வேகம் ஒத்துவருமோ, அதுதான் அன்றைக்குக் குடும்பத்தின் வேகம். சின்னவள் சோர்ந்து தோளில் சாய்ந்தால், மணி நான்கே ஆனாலும் கிளம்பிவிடுங்கள். விட்டுப்போன ராட்டினம் அடுத்த ஆண்டும் அங்கேயேதான் இருக்கும்.