தீக்குச்சியும் இருப்புப் பதிவேடும்

(மாவட்டக் கல்வி அலுவலர்களும் ஆசிரியர் பயிற்சி மாணவர்களும் பங்கேற்ற கருத்தரங்கொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பொருளாதாரம் பயின்ற ஒருவனை அறிவியல் கல்வி பற்றிப் பேச அழைத்தமை உங்களுள் சிலருக்கு வியப்பளிக்கலாம். குறைந்த வளத்தைக் கொண்டு மிகுந்த பயனை அடைவது எவ்வாறு என்பதே எங்கள் துறையின் அடிப்படை வினா. எளிய பொருள்களையும் கழித்துப் போட்டவற்றையும் கொண்டு அறிவியல் கற்பிக்கும் முறை, அவ்வினாவுக்கு நம் நாட்டில் கிடைத்த நல்ல விடைகளுள் ஒன்றாகும். அவ்விடையை நாம் ஏன் முழுமையாகப் பயன்படுத்திக் கொள்ளவில்லை என்பதைப் பற்றியே இன்று பேச விழைகிறேன்.

1972-ஆம் ஆண்டில் மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 16 நடுநிலைப் பள்ளிகளில் ஒரு முயற்சி தொடங்கப்பெற்றது. (2022 முதல் அம்மாவட்டத்தின் பெயர் நர்மதாபுரம்.) கிஷோர் பாரதி, ரசூலியாவிலிருந்த நண்பர்கள் ஊரக மையம் ஆகிய இரு தன்னார்வ நிறுவனங்கள் மாநில அரசின் இசைவுடன் அதனை நடத்தின. 1978-இல் மாவட்டத்தின் நடுநிலைப் பள்ளிகள் அனைத்துக்கும் அது விரிவுபடுத்தப்பட்டது. 1982-இல் நிறுவப்பெற்ற ஏகலவ்யா அமைப்பு அப்பொறுப்பை ஏற்றுக்கொண்டது. அங்கே மாணவர்கள் குழுக்களாக அமர்ந்து தாமே சோதனை செய்து, கண்டதைத் தாமே எழுதினர். தாவரங்களையும் பூக்களையும் பிரித்துப் பார்க்கும் ஊசிக்குப் பதிலாகக் கருவேல முள் பயன்பட்டது. முள் உடைந்தால் வேலியிலிருந்து இன்னொன்றைப் பறித்துக்கொள்ளலாம். யாருக்கும் விளக்கம் எழுத வேண்டியதில்லை. இந்தக் கடைசிச் செய்தியை நினைவில் வைத்துக்கொள்ளுமாறு அலுவலர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

அதே 1978-இல் புனேயில் லாரித் தொழிற்சாலை ஒன்றில் பொறியாளராக இருந்த அரவிந்த் குப்தா, ஓராண்டு விடுப்பில் ஹோஷங்காபாத் வந்தார். அந்நாள்களில் உருப்பெற்றதுதான் அவருடைய தீக்குச்சி மாதிரிகள். (2018-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பெற்றது.) அதன் செய்முறை எளியது. மருந்து சுரண்டப்பட்ட தீக்குச்சிகளும், மிதிவண்டிச் சக்கரத்திற்குரிய மெல்லிய வால்வு ரப்பர்க் குழாயும் போதும். சைக்கிள் கடையில் வால்டியூப் என்று கேட்டால் கொடுப்பார்கள். குழாயைச் சிறு துண்டுகளாக நறுக்கி, ஒவ்வொரு துண்டின் இருமுனையிலும் ஒரு குச்சியைச் செருகினால் மூட்டு ஆயிற்று. மூன்று குச்சிகளால் முக்கோணம். நான்கு குச்சிகளால் சதுரம்.

இனி நிகழ்வதைக் கவனியுங்கள். சதுரத்தை ஒரு மூலையில் அழுத்தினால் அது சாய்சதுரமாக நெளிந்துவிடும். முக்கோணம் அழுத்தத்திற்கு இணங்காது. பக்கங்களின் நீளம் உறுதியானால் முக்கோணத்தில் கோணங்களும் உறுதியாகிவிடுகின்றன; சதுரத்தில் அவ்வாறில்லை. ரயில் பாலத்தின் இரும்புச் சட்டங்களும், ஓட்டு வீட்டின் கூரைக் கைமரங்களும் ஏன் முக்கோணங்களாகப் பிணைக்கப்படுகின்றன என்பதை மாணவன் தன் விரல்களால் உணர்ந்துகொள்கிறான். சதுரத்தை நிமிர்த்த நினைப்பவன் குறுக்கே ஒரு குச்சி வைத்துப் பார்ப்பான், நீளம் எட்டாது. எவ்வளவு வேண்டும் என்று அளந்தால், ஒரு குச்சியைப்போல் ஏறத்தாழ 1.4 மடங்கு என்று வரும். எட்டாம் வகுப்பில் கரும்பலகையில் காணவிருக்கும் பித்தாகரஸ் தேற்றத்தை அவன் முன்கூட்டியே தேவையின் வாயிலாகச் சந்தித்துவிட்டான்.

மின்மோட்டாரையும் இவ்வாறே செய்யலாம். டார்ச் பேட்டரி ஒன்று, ஊக்கு இரண்டு, பழைய ஒலிபெருக்கியிலிருந்து எடுத்த காந்தம், மோட்டாருக்குக் காயில் கட்டும் கடையில் மிஞ்சிய எனாமல் பூசிய செப்புக்கம்பி ஏறத்தாழ ஒரு மீட்டர், பழைய டியூபில் வெட்டிய ரப்பர் வளையம். கம்பியைச் சுருளாக்கி, அதன் இரு முனைகளிலும் எனாமலை மூன்று பக்கம் சுரண்டி ஒரு பக்கம் அப்படியே விட்டுவிட வேண்டும். முழுவதும் சுரண்டியவனுடைய மோட்டார் சுற்றாது. சற்றே ஆடி நின்றுவிடும். ஏனெனில், பாதிச் சுற்றில் முன்னே தள்ளும் விசை மறுபாதியில் பின்னே தள்ளுகிறது. எனாமல் உள்ள பக்கம் ஊக்கைத் தொடும்போது மின்னோட்டம் தடைப்பட்டு, ஏற்கெனவே பெற்ற வேகத்தில் சுருள் மறுபாதியைக் கடக்கிறது. ஆலையில் செய்து பெட்டியில் அடைத்து அனுப்பப்படும் மோட்டார் மாதிரி இதைக் கற்பிப்பதில்லை. அது எப்போதும் சுற்றும். சுற்றாதபோது அதைப் பிரிக்க எவருக்கும் துணிவு வராது.

இவ்விடத்தில் ஒரு வேறுபாட்டைக் கூறுதல் வேண்டும். “கழிவிலிருந்து கலை” என்னும் பெயரில் ஆண்டுதோறும் பள்ளிகளில் நடைபெறும் கண்காட்சிகளில் பெரும்பகுதி நான் கூறும் வகையைச் சேர்ந்ததன்று. கடையில் புதிதாகத் தெர்மோகோல் வாங்கி, தந்தை வெட்டித் தாய் வண்ணந்தீட்டிய எரிமலையைக் குழந்தை சுமந்து வருகிறது, பரிசும் பெறுகிறது. (பெற்றோருக்கு அது நல்ல பயிற்சி என்பதை மறுக்கவில்லை.) செய்த பொருளைக் குழந்தையால் பிரித்து மீண்டும் மாற்றிச் செய்ய முடியுமா என்பதே இதில் சரியான அளவுகோல் என்பது என் கருத்து.

கழிவெல்லாம் வகுப்பறைக்கு உரியதும் அன்று. ஃபியூஸ் போன குழல் விளக்கில் பாதரசம் உண்டு, அதை உடைக்கலாகாது. திரவ அழுத்தம் கற்பிக்க ஊசியில்லாத சிரிஞ்சு மிகவும் ஏற்றது. ஆனால் மருத்துவமனையில் பயன்படுத்திய சிரிஞ்சு 2016-ஆம் ஆண்டு விதிகளின்படி உயிரி மருத்துவக் கழிவாகும். புதியதைத்தான் வாங்க வேண்டும்.

செலவுக்கு வருவோம். இம்முறை மலிவானது என்று கூறி நிதியைக் குறைத்துக்கொள்ள விரும்புவோர் உண்டு. அவர்கள் ஹோஷங்காபாத் அனுபவத்தைக் கருத வேண்டும். அங்கே மலிவாக இருந்தது பொருள் மட்டுமே. ஆசிரியர்களுக்கு விடுமுறைப் பயிற்சி, மாதந்தோறும் கூட்டம், பள்ளிக்கே சென்று துணை செய்வோர், செய்முறையும் புத்தகம் பார்த்து எழுதுவதும் அடங்கிய தேர்வு என அனைத்துக்கும் உழைப்பும் பணமும் தேவைப்பட்டன. தேர்வை மாற்றாமல் கற்பிக்கும் முறையை மட்டும் மாற்றியிருந்தால் முயற்சி ஓராண்டுகூட நிலைத்திராது. முப்பது ஆண்டுகள் நடந்த அத்திட்டம் 2002-இல் மாநில அரசின் ஆணையால் நிறுத்தப்பட்டது. அதன் நிறைகுறைகள் பற்றி இன்றும் வாதம் உண்டு. ஆயினும், அரசுப் பள்ளிகளுக்குள்ளேயே, அரசு ஆசிரியர்களைக் கொண்டே இது இயலும் என்று மெய்ப்பித்ததை யாரும் மறுப்பதற்கில்லை.

இப்போது பதிவேட்டுக்கு வருகிறேன். பல பள்ளிகளில் அறிவியல் அலமாரி பூட்டியே இருப்பதை நீங்கள் அறிவீர்கள். ஆசிரியரின் சோம்பல் என்று அதை எளிதாகக் கூறிவிடலாம். உண்மையில் அலமாரியைப் பூட்டுவது தணிக்கை அச்சமே. சோதனைக் குழாய் ஒன்று உடைந்தால் இருப்பில் குறைவு, குறைவுக்கு விளக்கம், சில இடங்களில் ஊதியப் பிடித்தம். உடையாமல் இருக்க ஒரே வழி எடுக்காமல் இருப்பது. ஆசிரியர் பகுத்தறிவோடுதான் நடந்துகொள்கிறார். நாம் அமைத்துள்ள ஊக்கமும் தண்டனையும் அவ்வாறு நடக்கச் செய்கின்றன.

இதற்குப் பரிகாரம் கடினமன்று. மத்திய அரசின் 2017-ஆம் ஆண்டுப் பொது நிதி விதிகள், நிலையான சொத்துகளுக்கும் நுகர்வுப் பொருள்களுக்கும் தனித்தனிக் கணக்கை ஏற்கெனவே வகுத்துள்ளன. பள்ளிகள் மாநில விதிகளின்கீழ் வருவன என்றாலும், இதே வேறுபாட்டைப் பின்பற்றித் தீக்குச்சி, கம்பி, பேட்டரி, கண்ணாடிக் குழாய் முதலியவற்றை நுகர்வுப் பொருளாக எழுதச் செய்யலாம். சாக்குக்கட்டி தேய்ந்துபோனதற்கு எந்த ஆசிரியரிடமும் நாம் விளக்கம் கேட்பதில்லை அல்லவா? பள்ளியைப் பார்வையிடச் செல்லும்போது, பொருள்கள் எத்தனை உள்ளன என்று கேட்பதோடு, இவ்வாண்டு எத்தனை உடைந்தன என்றும் கேளுங்கள். ஒன்றும் உடையவில்லை என்று ஒரு தலைமையாசிரியர் பெருமையுடன் கூறுவாராயின், அந்தப் பள்ளியில் இன்னும் சற்று நேரம் தங்கியிருந்து வகுப்பைப் பாருங்கள்.

இம்மேசையில் குச்சிகளும் வால்டியூபும் வைத்திருக்கிறேன். தேநீருக்கு இன்னும் பதினைந்து நிமிடம் உள்ளது. மாணவ நண்பர்கள் இருவர் இருவராக வந்து, ஆறு குச்சிகளால் நான்கு முக்கோணங்கள் அமைக்க முயலுங்கள். மேசையோடு ஒட்டித் தட்டையாக அமைக்கப் பார்த்தால் வராது என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன். அலுவலர்களும் வரலாம்.