மூச்சுத் தசையும் நம் விளையாட்டுத் திடலும்

(வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)



கல்வியைப் பற்றிப் பேச அழைத்தீர்கள். நாம் மூச்சைப் பற்றிப் பேச வந்துள்ளோம். காரணத்தை இறுதியில் கூறுவோம்.

மார்புக்கும் வயிற்றுக்கும் இடையே கூரைபோல் கவிந்திருக்கும் தசை உதரவிதானம். அது சுருங்கிக் கீழிறங்கும்போது நுரையீரலுக்குள் காற்று புகுகிறது. நாளொன்றுக்கு ஏறத்தாழ 20,000 முறை இது நிகழ்கிறது. தண்டுவடத்தின் கழுத்துப் பகுதியிலிருந்து இறங்கிவரும் நரம்பு இதற்குக் கட்டளை கொணர்கிறது. ஆனால் நரம்பு தசையைத் தொடுவதில்லை. இடையே நுண்ணிய இடைவெளி உண்டு. நரம்பு நுனியில் வெளிப்படும் அசிட்டைல்கோலின் என்னும் வேதிப்பொருள் அவ்விடைவெளியைக் கடந்து தசையைச் சுருங்கச் செய்கிறது. நரம்புச் செய்தி வேதிப்பொருளால் கடத்தப்படுவது குறித்த கண்டுபிடிப்புகளுக்காக ஹென்றி டேல், ஆட்டோ லோவி ஆகிய இருவருக்கும் 1936-இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

நரம்பும் தசையும் கூடும் இச்சந்திப்பு, பிறவியிலேயே வார்த்து முடிக்கப்பட்ட பொருளன்று. சில வாரங்கள் முறையாக ஓடப் பழக்கிய எலிகளின் கால் தசைகளை ஆய்ந்தோர், நரம்பு நுனியின் கிளைகள் பரந்திருக்கவும், தசையின் ஏற்புப் பரப்பு விரிந்திருக்கவும் கண்டனர். முதிய சுண்டெலிகளில் சிதைந்திருந்த சந்திப்புகளும் ஓட்டப் பயிற்சியால் ஓரளவு சீர்பெற்றதை 2010-இல் வெளியான ஆய்வொன்று காட்டிற்று. உதரவிதானமோ ஓய்வறியாத் தசை. ஆதலின் அதன் சந்திப்புகளில் நிகழும் மாற்றம் கால் தசையினும் நுட்பமானது. எனினும் தொடர்ந்த பயிற்சியால் அதன் இழைகள் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் ஆற்றலில் உயர்கின்றன, களைப்பைத் தாங்குகின்றன.

மறுபக்கத்தையும் காண்போம். மூளைச்சாவுற்று 18 முதல் 69 மணி நேரம் செயற்கைச் சுவாசக் கருவியில் இருந்தோரின் உதரவிதான இழைகள் பாதிக்கும் மேலாக மெலிந்திருந்தன என்று 2008-இல் ஓர் ஆய்வு தெரிவித்தது. வேலையற்ற மூச்சுத் தசை மூன்று நாளுக்குள் நலிந்துவிடுகிறது.

“நம் மக்கள் உடலுழைப்பில் யாருக்குக் குறைந்தவர்கள்? பயிற்சி எதற்கு?” என்று சிலர் வினவலாம். உழைப்பு வேறு, பயிற்சி வேறு. பயிற்சியில் அளவு உண்டு. படிப்படியான ஏற்றம் உண்டு. ஓய்வும் உணவும் உண்டு. நாற்று நட்டும் மூட்டை சுமந்தும் தேய்ந்த நம் முன்னோர்க்கு இவற்றுள் எது கிடைத்தது? நாம் சிறுவராயிருந்தபோது, ஊர்ப் பிள்ளைகள் நீந்திய கிணற்றில் சேரிப் பிள்ளைகள் இறங்கக்கூடாது. கரைக்கப்பால் நின்று பார்த்தோம். இன்றும் நமக்கு நீந்தத் தெரியாது.

இனிக் காரணத்துக்கு வருவோம். நம் கழகத்துக்கு உள்ளது ஒரே திடல். அதில் வகுப்பறைகள் எழுப்பலாம் என்னும் கருத்து நிலவுகிறது. அக்கருத்துடையோர் நம் பிள்ளைகளின் நன்மை நாடுவோரே. இடநெருக்கடியையும் நாம் அறிவோம். ஆயினும் பணிவுடன் மறுக்கிறோம். வகுப்பறைகளை மாடியில் எழுப்புங்கள், திடலை விட்டுவையுங்கள். மாலையில் ஒரு மணி நேரம் நம் பிள்ளைகள், குறிப்பாகப் பெண் பிள்ளைகள், மூச்சிரைக்க ஓடட்டும்.

நரம்பும் தசையும் எவரது பிறப்பையும் கேட்பதில்லை. வாய்ப்பை மட்டுமே கேட்கின்றன. அவ்வாய்ப்பை நம் கையாலேயே நாம் மூடிவிட வேண்டா.